மண்டபத்திலிருந்து திரும்பியவர்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில், ஒரு லைன் வீட்டின் பின்புறத் துணி துவைக்கும் கல்லருகே ஒரு கம்மல் தொலைந்தது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோரோடு வேலையிழந்தவர். கம்மலைத் தொலைத்தவள் அவருடைய மகள். பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறாள். தங்கவயலில் பாதிப்பேரைப் போல விடியற்காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புகிறவள். பதின்மூன்று வயதான அவள் மகன், நண்பன் இணையத்தில் வாங்கி வைத்திருந்த மலிவான மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பின்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

அக்கம்பக்கத்தார் வேலியோரம் நின்று சிரித்தார்கள். ஆனால் உலோகம் தேடுவதை அந்த ஊர் ஒருபோதும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. சுரங்கத்திலிருந்து மேலே வரும் தொழிலாளியின் உடலைச் சோதித்து அனுப்புவது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது. பொன் கலந்த பொருளைக் கணக்குக் காட்டாமல் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று பழைய மைசூர் அரசு சட்டம் செய்திருந்தது. அவ்வூர்க் கிழவர்களுக்கு மண்ணைக் கிண்டுகிறவனைப் பார்த்தால் இன்றும் முதலில் தோன்றுவது போலீஸ்காரரின் முகம்தான்.

பையனுக்கு ஆணிகள் கிடைத்தன. சைக்கிள் கம்பி ஒன்றும், கைப்பிடி இல்லாத கரண்டி ஒன்றும், சோடா மூடிகள் ஏராளமாகவும் கிடைத்தன. துவைக்கும் கல்லைச் சற்றே புரட்டிய இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், ஒரு வட்டத் தகடு கிடைத்தது. (கம்மல் மறுநாள் தலையணை உறைக்குள் அகப்பட்டது.)

தகட்டின் மேல்விளிம்பருகே ஒரு துளை. அதன் கீழே ஏதோ எழுத்து. அதற்கும் கீழே ஏதோ எண். மற்றவை மண்ணும் களிம்பும். பெரியவர் உடனே புளியும் சாம்பலும் எடுத்துவரச் சொன்னார்; பித்தளைப் பாத்திரம் விளக்கிய கை அல்லவா! மகள் தடுத்துவிட்டாள். புளியின் அமிலம் அழுக்கை மட்டும் தின்னாது. அச்சு பதிந்த மேற்பரப்பையும் சேர்த்துத் தின்னும். இப்படிப் ‘பளிச்’சென்று விளக்கப்பட்டே எத்தனையோ பழங்காசுகள் வாயிழந்து போயின. அவள் தகட்டை வெந்நீரில் ஊறவைத்தாள். இரண்டு நாள் கழித்து மூங்கில் குச்சியால் மண்ணைப் பெயர்த்தாள். இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தபோது, பகலில் தெரியாத பள்ளங்கள் நிழலாக எழுந்தன. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியும் எடுத்தாள். ஆங்கில எழுத்து ‘சி’யாகவோ ‘ஜி’யாகவோ இருக்கலாம், எண்ணில் முதலிரண்டு இலக்கங்கள் தெளிவு, அதற்கு மேல் அரித்துப்போயிருந்தது. ஊர்ப் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. பின்பக்கம் வெறுமை.

“நம்ம மைன்ஸ் டோக்கன்தான் இது” என்றார் பெரியவர். தங்கவயலில் எந்த வீட்டில் வட்டத் தகடு கிடைத்தாலும் முதலில் தோன்றுவது அதுதான். கீழே இறங்குகிறவன் தன் எண்ணுள்ள தகட்டை விட்டுச் செல்வான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்தும் பலகையில் ஒரு தகடு மிஞ்சியிருந்தால் ஓர் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று பொருள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போன சுரங்கத்தில், பாறை வெடித்துச் சிதறும் நாட்களில், அந்தப் பலகையைப் பார்க்கவே அஞ்சிய பெண்கள் உண்டு. பெரியவர் தம் பெட்டியிலிருந்து சொந்த டோக்கனை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அளவு வேறு, எழுத்தின் வெட்டு வேறு. முக்கியமாக, அவருடையதில் நிறுவனத்தின் பெயரெழுத்துகள் இருந்தன. ஆளின் எண் ஓர் இடத்துக்குள்தான் பொருள்படும். எனவே சுரங்கத் தகட்டில் இடத்தின் அடையாளமும் வேண்டும் என்பது மகளின் வாதம். வாதம் முழுமையானதல்ல, ஆனாலும் தேடலை அது முன்னே தள்ளியது.

அடுத்து வந்தது ரயில். பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை 1894-ல் வந்தது. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டைவீட்டுக்காரர், “ரயிலுக்கும் டோக்கன் உண்டு” என்று ஆர்வமாகச் சொன்னார். உண்மைதான். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் நுழையாதிருக்க, நிலைய அதிகாரி ஓட்டுநரிடம் கொடுக்கும் உலோக உருண்டைக்கும் டோக்கன் என்றே பெயர். அது வண்டிக்கான அனுமதி; பயணிக்கானது அன்று. பயணிக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது கெட்டி அட்டைச் சீட்டு. சென்னையில் 1895-இலிருந்து 1953 வரை ஓடிய டிராம்வேயின் பெயரும் பேச்சில் அடிபட்டது; ஆனால் டிராம் நிறுவனமாக இருந்தால் தன் பெயரைப் பொறிக்காமல் விட்டிருக்குமா என்ற கேள்வியிலேயே அது நின்றுவிட்டது.

பழங்காசு சேகரிக்கும் ஒருவருக்குப் படம் அனுப்பப்பட்டது. அவர் அரை மணி நேரத்தில், இலங்கைக் காப்பித் தோட்ட டோக்கன் போலிருக்கிறது என்றும், விற்பதாக இருந்தால் முதலில் தமக்கே சொல்ல வேண்டும் என்றும் பதில் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பின் காப்பி ஆலைகளில், கொட்டை பொறுக்கிய தமிழ்ப் பெண்களுக்கு வேலைக் கணக்காகத் தகடுகள் கொடுத்தார்கள். ஜார்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் வேகந்தை ஆலைத் தகடு, 1843 என்ற ஆண்டுடன், சேகரிப்பாளர்களிடையே பெயர்பெற்றது. ஆனால் அவற்றிலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இருந்தால்தானே திரும்பக் கொண்டுவந்து காசு கேட்க முடியும்? சேகரிப்பாளர் சொன்ன பொருள் தவறு. சொன்ன நாடு சரி. இப்படிப் பாதி சரியான விடைகள்தாம் பெரும்பாலும் ஆய்வுக்கு உதவுகின்றன.

இலங்கை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மகள் தன் நூலகத்திலேயே தேடினாள். ரயிலில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. தோட்டத் தொழிலாளர் வரலாற்று நூல்கள் இரண்டு மூன்றைப் படித்து முடித்தபோது, அந்தத் தகட்டின் வருணனை எதிர்ப்பட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘டின் டிக்கெட்’, தகரச் சீட்டு. தோட்ட மாவட்டத்தைக் குறிக்க எழுத்து. தோட்டத்தைக் குறிக்க எண். வேறொன்றும் தேவையில்லை. ஆளின் பெயர் அதில் வராது. ஏனென்றால் அது ஆளுக்குரிய சீட்டே அன்று. ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதற்கான சீட்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்கு முன்பு, தமிழகத்துக்கு ஆள் பிடிக்க வரும் கங்காணி வழிச்செலவுக்குத் தோட்டத் துரையிடம் பணம் வாங்கி வருவார். அதில் எவ்வளவு வழிக்குப் போனது, எவ்வளவு மடியில் தங்கியது என்பது அவருக்கே வெளிச்சம். எல்லாமே கடைசியில் தொழிலாளியின் கடனில் ஏறும். தகரச் சீட்டு வந்தபின் தோட்டம் தன் எண் பொறித்த தகடுகளைக் கங்காணியிடம் கொடுத்தனுப்பியது. கங்காணி ஊரில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். அதைக் காட்டினால் முகாமில் சோறு, ரயிலில் இடம், கப்பலில் இடம், அக்கரையில் மீண்டும் ரயில். எல்லாச் செலவும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1904-ல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையம் அமைந்த பிறகு இந்த வேலை இன்னும் ஒழுங்காக நடந்தது.

பார்வைக்கு இலவசப் பயணம். எழுதப் படிக்கத் தெரியாதவரும், வழி தெரியாதவரும், கையில் காலணா இல்லாதவரும் ஒரு தகட்டைக் காட்டிக் கடல் கடந்துவிடலாம். அதன் வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் சாமான் மூட்டையில் கட்டப்படும் முகவரித் துண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம் தகட்டில் வராது. அது தனிக் கடன். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆளைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்ற உதவிய அந்த முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்ற விதியும், அதற்கெனத் தோட்டங்களிடம் வசூலித்த பொது நிதியும் 1922, 1923-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகே வந்தன.

தகடு இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் இலங்கைக்குப் போகவேண்டிய தகடு தங்கவயலின் துவைகல்லுக்கு அடியில் என்ன செய்துகொண்டிருந்தது?

பெரியவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு ஒரு கதை உண்டு. தங்கவயலில் எல்லாக் குடும்பங்களுக்கும் அது உண்டு. வட ஆர்க்காட்டின் ஏதோ ஒரு சேரியில் பஞ்சம். பொன் விளையும் மண் இருக்கிறதென்று கேள்விப்பட்டுத் தாத்தா கிளம்பி வந்தார். ஜான் டெய்லர் நிறுவனம் வேலை கொடுத்தது. மூங்கில் தட்டிக் குடிசையில் தொடங்கி லைன் வீட்டுக்கு உயர்ந்தார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் “வேலூர்ப் பக்கம்” என்பார்கள். வேலூர்ப் பக்கம் எது என்று கேட்டால் பேச்சு மாறும். திருமணம், கருமாதி எதற்கும் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வந்ததில்லை, இவர்களும் போனதில்லை. பக்கத்து வீடுகளில் ஆடி மாதம் ஊர்த் திருவிழாவுக்கு மூட்டை கட்டும்போது இந்த வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளும். சிறுவயதில் அது பெரியவருக்குப் பெரிய குறையாக இருந்தது.

மகள் ஒரு படம் வரைந்து காட்டினாள். காட்பாடி சந்திப்பு. அங்கிருந்து ஒரு பாதை தெற்கே, விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் போகிறது. அதற்கப்பால் மதுரை, இராமநாதபுரம், கடல். இன்னொரு பாதை மேற்கே, ஜோலார்பேட்டை வழியாகப் பௌரிங்பேட்டைக்குப் போகிறது, அதற்கப்பால் சுரங்கம். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கக் கிளம்பியவர்கள் எல்லோருக்கும் இந்தக் காட்பாடி வாசல் ஒன்றுதான். எந்த நடைமேடையில் நின்றார்கள் என்பது, யார் முதலில் முன்பணம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வரலாற்று நூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாக எழுதுவதால், சுரங்கத் தமிழரும் தோட்டத் தமிழரும் வெவ்வேறு மக்கள் போலத் தோன்றிவிடுகிறார்கள்.

படத்தில் தெற்குக் கோட்டின் முனையில் அவள் ‘மண்டபம்’ என்று எழுதினாள். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பெரியவர் அசைந்தார்.

அவருடைய ஆயா, அதாவது தாத்தாவின் மனைவி, கோபம் வரும்போதெல்லாம் தாத்தாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வாராம்: “மண்டபத்துலேர்ந்து திரும்பி வந்த ஆளுதானே!” வீட்டில் எல்லோரும் அதைக் கோயில் மண்டபம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வேலை தேடி வந்த புதிதில் ஏதோ சத்திரத்திலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக் கிடந்திருப்பார், அதைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தார்கள். எழுபது ஆண்டுகளாக ஓர் ஊரின் பெயர் பொதுப்பெயராகவே அந்த வீட்டில் வழங்கிவந்திருக்கிறது.

பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் தொடர்பு வந்த பிறகு, இலங்கை செல்லும் தொழிலாளர் கூடும் முதன்மை முகாமாக மண்டபம் ஆயிற்று. அதற்கு முன்பு தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் இருந்தது. மண்டபம் இந்திய மண்ணில் இருந்தாலும் முகாமை நடத்தியது இலங்கை அரசு. தொற்றுநோய் அஞ்சி ஆட்களைச் சில நாட்கள் அடைத்து வைப்பார்கள்; துணிகளை வாங்கி ஆவியில் போடுவார்கள்; அம்மை குத்துவார்கள்; மருத்துவர் பார்த்துத் தகுதியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிற்காலத்தில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும், 1983-க்குப் பின் வந்த ஈழ அகதிகளும் இறங்கிய முகாமும் அதே மண்டபந்தான். தமிழில் அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு வரலாறு எழுதலாம்.

கேட்பதற்கு மிஞ்சியிருந்தவர் ஒருவரே: பெரியவரின் அத்தை. தாத்தாவின் கடைசி மகள், தொண்ணூறை நெருங்குகிறவர், ராபர்ட்சன்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். தகட்டை ஒரு துணியில் வைத்துக்கொண்டு மூவரும் போனார்கள். அத்தை அதைக் கையில் வாங்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதைத் தூக்கிப் போட்டுட்டேன்னுதான் எங்கம்மாகிட்ட சொன்னாரு நைனா” என்றார்.

பிறகு அவர் சொன்னதைத் தொகுத்தால் இவ்வளவுதான். கங்காணி அதே ஊர்க்காரர். முன்பணத்தை வாங்கியவர் நைனா அல்லர், நைனாவின் தகப்பனார். பிள்ளைகள் இருவரையும் அனுப்பிவைத்தார். மண்டபத்தில் அடைத்து வைத்திருந்த நாட்களில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் அவனைக் கப்பலில் ஏற்ற மறுத்தார். தனியே ஏற நைனாவுக்கு மனமில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு இரவோடிரவாகத் திரும்பினார். ஊருக்குப் போனால் கங்காணி வீட்டார் தகப்பனாரின் கழுத்தைப் பிடிப்பார்கள், போகாவிட்டாலும் பிடிப்பார்கள், ஆனால் ஆள் எங்கே என்று தெரியாமலாவது இருக்கும். காட்பாடியில் இறங்கியவர்கள் ஊர்ப்பக்கம் திரும்பாமல் மேற்கு வண்டியில் ஏறிவிட்டார்கள். “கப்பலுக்கு ஆவாத உடம்பு மைன்ஸுக்கு ஆச்சு” என்றார் அத்தை. அந்தத் தம்பி பிறகு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். தங்கவயலில் அண்ணன் தம்பி இருவரும் கொடுத்த பெயர்கள் அவர்களுடைய பெயர்கள் அல்ல. ரேஷன் அட்டையிலும் பள்ளிச் சான்றிதழ்களிலும் இன்றுவரை பெரியவரின் பெயருக்கு முன்னெழுத்தாக நிற்பது, அந்தக் காட்பாடி ரயிலில் தோன்றிய ஒரு பெயரின் முதலெழுத்து.

பெரியவர் அன்று அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மகள்தான் ஒன்று கேட்டாள்: 1930-ல் நடந்த வேலைநிறுத்தத்தில் கொள்ளுத்தாத்தா இருந்தாரா என்று. அவ்வாண்டு ஏப்ரலில் சுரங்க நிறுவனங்கள் தொழிலாளரின் கைரேகையைப் பதிந்து அடையாளப் பதிவேடு வைக்க முற்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். தங்கவயலின் முதல் பெரும் வேலைநிறுத்தம் கூலிக்காக மட்டும் எழவில்லை, விரலைக் கொடுக்க மறுத்து எழுந்தது என்பதைப் படிப்பவர்கள் அதைத் தன்மானத்தின் குரலாக விளக்குவார்கள். அது சரியே. ஆனால் விரலைக் கொடுத்தால் பழைய பெயரும், பழைய ஊரும், தகப்பன் வாங்கிய முன்பணமும் பின்னாலேயே வந்து சேருமென்று அஞ்சியவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அத்தை அப்போது பிறந்திருக்கவில்லை. “இருந்தாருன்னு அம்மா சொல்லும். வேலைக்குப் போவாம வீட்லயும் இல்லாம மலைப்பக்கம் போயிட்டாராம்” என்றார்.

சேகரிப்பாளருக்கு, விற்பதற்கில்லை என்று பதில் போயிற்று. தகட்டின் எண் முழுதாக இருந்திருந்தால் எந்தத் தோட்டம் என்று கண்டுபிடித்திருக்கலாம், நீங்கள் மண்ணிலேயே விட்டு ஒரு படம் எடுத்திருக்க வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டார். வருத்தம் நியாயமானது. பையன் இப்போது தகடு கிடைத்த இடம், ஆழம், நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறான். எந்தத் தோட்டம் என்று தெரியாமற்போனதில் அவனுக்குத்தான் ஏமாற்றம் அதிகம். தேயிலை மலையில் தன் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனுக்காக ஒரு வீடு காலியாகக் காத்திருந்தது போல அவன் கற்பனை செய்துவைத்திருந்தான்.

கிளம்பும்போது அத்தை தகட்டைக் கடைசியில் கையில் வாங்கிக்கொண்டார். கண் தெரியாததால் விரல் நுனியால் எழுத்தையும் எண்ணையும் தடவினார். துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி, அங்கும் தடவினார்.

“எவ்ளோ பணம்னு இதுல எழுதியிருக்குதா, கண்ணு?” என்று கேட்டார்.

இல்லை என்று பேத்தி சொன்னாள்.

“அந்தாளு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல” என்று தகட்டைத் துணியில் வைத்து மடித்துக் கொடுத்தார்.